சித்தப்பா முதலில் சொல்லட்டும்

இந்த ஊரில் யாரும் யாரையும் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரஸ்ஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், காய்ச்சல்காரர்களுக்குக் கொய்னா மருந்து ஊற்றிக் கொடுப்பதும் என் வேலை. காலையில் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தால் சீனர் பார்ப்பார், மலாய்க்காரர் பார்ப்பார், பஞ்சாபிக் காவல்காரர் பார்ப்பார். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நம் ராஜபாளையத்தில் அப்படி நடந்துவிட முடியுமா? செட்டியார்பட்டி விலக்கிலிருந்து சந்தைக்குள் நுழைவதற்குள் "எங்கலே காலங்காத்தால?" என்று பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். பதில் சொல்லாமல் போனால், "அருளப்பன் மகன் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டுப் போறான், என்னன்னு கேளுங்க" என்று நமக்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போய்விடும். நம்மூரில் பேசாமல் இருப்பவன் ஒன்று நோயாளி, இல்லாவிட்டால் பகையாளி. இங்கே பேசாமல் இருப்பவன் வெறுமனே பேசாமல் இருக்கிறான், அவ்வளவுதான். வந்த புதிதில் இது எனக்குப் பெரிய குறையாக இருந்தது. பிறகு இந்தப் பேசாமை எவ்வளவு பெரிய ஆயுதம் என்று தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட்டபின் ஆ செங் தவுக்கேயின் மளிகைக் கடைப் பின்கட்டில் சீட்டாட்டம் நடக்கும். தவுக்கே என்றால் இங்கே முதலாளி. ஆட்டத்தின் பெயர் போக்கர். நம்மூர்ப் பட்டாளத்துக்காரர்கள் சிலருக்கு இது தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு இரண்டு வரியில் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போடுவார்கள், அது அவரவருக்கு மட்டுமே தெரியும். பிறகு ஒவ்வொன்றாக நான்கு சீட்டு மல்லாத்திப் போடுவார்கள், அது ஊருக்கே தெரியும். ஒவ்வொரு சீட்டு விழுந்ததும் ஒரு சுற்றுப் பேச்சு. உன் கை நல்ல கை என்று நினைத்தால் வைக்கலாம். வைக்க மனமில்லையென்றால் விரலால் மேசையைத் தட்டிவிட்டுச் சும்மா இருக்கலாம். எதிராளி வைத்துவிட்டால் நீயும் வைக்க வேண்டும், அல்லது சீட்டைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். துணிச்சல் இருந்தால் அதற்கு மேல் ஏற்றலாம். ஆனால் ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு. மொத்தத்தையும் தூக்கிக் குவித்து எதிராளியை மிரட்டி விரட்ட முடியாது. அதனால் இந்த ஆட்டத்தில் ஒரே வெட்டில் யாரையும் சாய்க்க முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அறுக்க வேண்டும். எப்போது வைப்பது, எப்போது சும்மா இருப்பது என்பதுதான் ஆட்டமே. அது தெரியாமல் என் அப்பா செத்தார்.

அப்பா அருளப்பனும் சித்தப்பா சவரிமுத்துவும் கூடப் பிறந்தவர்கள். செட்டியார்பட்டிக்கு மேற்கே செவல் நிலத்தில் இருவருக்கும் அடுத்தடுத்துத் தோட்டம், நடுவில் ஒரே கிணறு. திங்கள், செவ்வாய், புதன் அப்பாவுடைய தண்ணீர். வியாழன், வெள்ளி, சனி சித்தப்பாவுடையது. ஞாயிற்றுக்கிழமை கிணற்றுக்கும் ஓய்வு. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைக்கு, மாடும் வடம் என்கிற நீளக் கயிறும் அவரவர் கொண்டுவர வேண்டும். அந்தப் பக்கத்துக் கிணறுகளில் ஒரு முறை உண்டு. தண்ணீர் முறையை ஒருவர் இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கிறார் என்றால் பத்திரம் எழுத மாட்டார்கள், நாலு பேர் பார்க்கத் தன் வடத்தைச் சுருட்டி அவர் தோளில் போட்டுவிடுவார்கள். யார் வடமோ அவர் தண்ணீர். அந்த வடத்தைத் தவிர வேறு வடம் அந்த நாட்களில் அந்தக் கிணற்றில் இறங்கக் கூடாது. இதை மீறிய ஒருவனையும் நான் பார்த்ததில்லை.

சித்தப்பா முதல் உலகச் சண்டையில் கோவேறு கழுதைப் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ரா வரைக்கும் போய் வந்தவர். துரைமார்களிடமிருந்து ஒரு கம்பளிக் கோட்டும் இந்தப் போக்கரும் கொண்டுவந்தார். அவரோடு பஸ்ராவில் இருந்த ராஜு ஒருவர் ராஜபாளையத்தில் பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கி வைத்திருந்தார். நாங்கள் கிட்டங்கி ராஜு என்போம். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். தவசு காலம் நாற்பது நாளும் எங்கள் ஆட்கள் சீட்டைத் தொட மாட்டார்கள். பாஸ்கு என்கிற உயிர்த்த ஞாயிறு முடிந்த மறுநாள் மத்தியானம், காய்ந்த மாடு கம்பில் புகுந்த மாதிரி எல்லோரும் கிட்டங்கியில் கூடிவிடுவார்கள். பருத்திக் கொட்டையை ஆளுக்கு ஐம்பது எண்ணிக் கொடுத்து அதை வைத்துத்தான் ஆட்டம். யாரும் கெட்டுப்போகிற ஆட்டமாக அது இருக்கவில்லை.

அந்த வருஷம் சித்தப்பாதான் ஆரம்பித்தார். "சும்மா கொட்டைக்கு ஆடி என்ன இருக்குண்ணே? ஒருநாள் தண்ணிக்கு ஆடுவோம். நீங்க ஜெயிச்சா என் சனிக்கெழமைய எடுத்துக்கிடுங்க." அப்பாவுக்குச் சிரிப்பு. தம்பி தன்னோடு மோதுவதா என்ற சிரிப்பு. அந்தச் சிரிப்போடுதான் உட்கார்ந்தார். மீசை முறுக்கிக்கொண்டு திரிந்த வயது எனக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளியில் படிப்பு முடித்துவிட்டு அப்பாவோடு கமலை ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் புரியவில்லை.

என்ன நடந்தது என்று இப்போது சொல்ல முடியும். பஸ்ராவில் யாருக்குப் பெரிய சீட்டு விழுந்திருக்கிறதோ அவர் முதலில் பேச வேண்டும் என்பதுதான் சட்டமாம். எங்கள் ஊருக்கு வந்ததும் அது மாறிவிட்டது. மூத்தவர் இருக்க இளையவர் முந்திப் பேசுவது நம் வழக்கமா? சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு, "அண்ணன் இருக்கையில நான் முந்திப் பேசலாமா? அண்ணன் சொல்லட்டும்" என்பார். சுற்றி இருந்தவர்களுக்கு மனம் குளிர்ந்துவிடும். "பட்டாளத்துக்குப் போயும் எம்புட்டு மரியாத பாரு" என்பார்கள். அப்பா முதலில் சொல்ல வேண்டும். என்ன சொல்வார்? தம்பி முன்னால், நாலு பேர் முன்னால், சும்மா இருக்கிறேன் என்று ஓர் அண்ணன் வாயால் சொல்ல முடியுமா? கையாலாகாதவன் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்ட மாதிரி அல்லவா? நல்ல சீட்டு வந்தாலும் வைத்தார், குப்பைச் சீட்டு வந்தாலும் வைத்தார். சித்தப்பாவுக்குக் கை மோசமென்றால், "அண்ணன் கைக்கு நான் எம்மாத்திரம்" என்று பவ்வியமாகச் சீட்டைக் கீழே போட்டுவிடுவார். கை நன்றாக இருந்தால் ஒன்றும் பேசாமல் ஏற்றுவார். அப்பா ஜெயித்தபோதெல்லாம் ஒரு சிட்டிகை, தோற்றபோதெல்லாம் ஒரு கை.

திங்கட்கிழமை மத்தியானம் புதன் தண்ணீர் போனது. மறுநாள் அதை மீட்கப் போய்ச் செவ்வாய்த் தண்ணீர் போனது. அதற்கும் மறுநாள் திங்கள் தண்ணீரும் போனது. கிட்டங்கி வாசலில் அப்பா வடத்தைச் சுருட்டித் தம்பியின் தோளில் போட்டார். அந்த வடத்தை நான்தான் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனேன்.

தோட்டத்தில் கத்தரி காய்ப்புக்கு வந்திருந்தது. அப்பா மூன்றாம் நாள் சித்தப்பாவிடம் போய் நின்றார். "சவரி, இந்தக் காய்ப்பு மட்டும் எடுத்துக்கிடுதேன். பொறவு நீயே வச்சுக்கோ" என்றார். சித்தப்பா மாட்டைத் தட்டிக்கொண்டே, "ஆட்டம்னா ஆட்டம்ணே" என்றார். கத்தரி கருகியது. அப்பா தினமும் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்து தம்பி தண்ணீர் இறைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வருஷம் அப்படிப் பார்த்தார். பிறகு நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அம்மா ஞானம்மா சித்தப்பா தோட்டத்திலேயே மிளகாய் பறிக்கக் கூலிக்குப் போனாள். தன் வீட்டுக்கு வாழ வந்தவளை, தன் அண்ணன் பெண்சாதியைக் கூலிக்கு நிறுத்தி, சாயங்காலம் கூலியை அளந்து கொடுத்தார் அந்த மரியாதைக்காரர். அதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன்.

ஆ செங் கடையில் முதல் முறை உட்கார்ந்தபோது எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். இந்த ஆட்டத்தைக் கரைத்துக் குடிக்க வேண்டும். ஆனால் ஊர்ப் பழக்கம் உடம்பில் இருந்தது. தவுக்கேவுக்கு என் அப்பா வயது. என் முறை வந்தாலும் நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பேன். பெரியவர் சொல்லட்டும், பிறகு நாம் சொல்வோம் என்று இருப்பேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பொறுத்தார். மூன்றாவது வாரம் சீட்டை மேசையில் அறைந்தார்.

"லு துங்கு, லு தெங்கோக் குவா டுலு. மானா போலே?" என்றார். நீ காத்திருந்து முதலில் என்னைப் பார்க்கிறாயே, அது எப்படி நடக்கும் என்று அர்த்தம்.

எனக்கு மலாய் அப்போது அரைகுறை. கோபித்துக்கொண்டாரே என்று பதறி, "இனி ஹோர்மாத், தவுக்கே" என்றேன். மலாயில் இனி என்றால் இது, ஹோர்மாத் என்றால் மரியாதை.

அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்த ஸ்டேஷன் கிளார்க்கைப் பார்த்து, "ஹோர்மாத் ஆப்பா? இனி சுரி" என்றார். கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து நிதானமாகத் தமிழில் சொன்னார். "என்ன மரியாதை, இது களவு எண்டு சொல்லுறார். கடைசியாப் பேசுறவனுக்கு எல்லாம் தெரிஞ்சுபோகுமெல்லோ, தம்பி. முன்னுக்குப் பேசுறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு பேசுறான். அதுக்குத்தான் சட்டம் வைச்சிருக்கு."

கையில் இருந்த சீட்டை அப்படியே கவிழ்த்து வைத்தேன். தோற்றதற்காக அல்ல. "அண்ணன் சொல்லட்டும்" என்ற சித்தப்பாவின் குரல் அப்போதுதான் எனக்குச் சரியாகக் கேட்டது. எங்கள் ஊரே மெச்சிய மரியாதையை, எங்கள் பாஷை ஒரு சொல் தெரியாத ஒரு மனிதர் ஒரே பார்வையில் களவு என்று சொல்லிவிட்டார். பஸ்ராவில் இரண்டு வருஷம் ஆடியவருக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்துதான் செய்தார். கையைக் கட்டிக்கொண்டு செய்தார். சே, என்ன மனிதர்! அன்றைக்கு ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்து ரயில் பாதை ஓரமாக வெகு நேரம் நடந்தேன். எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் முறையாக அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதன் பிறகு சில வருஷம் ஒரு ஞாயிறும் தவறவில்லை. வைப்பது எளிது, சும்மா இருப்பதுதான் கடினம் என்று கற்றேன். நல்ல சீட்டை வைத்துக்கொண்டு பேசாமல் மேசையைத் தட்டினால் எதிராளிக்குத் தைரியம் வந்து அவனே வைப்பான். அவன் வைக்க மாட்டான் என்று தெரிந்தால் நாம் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கிடைக்க வேண்டிய ஒன்று கிடைக்காமல் போகும். மோசமான சீட்டில் ஒன்றை மிச்சம் பிடிப்பதும் நல்ல சீட்டில் ஒன்றைக் கூடப் பிடுங்குவதும் சமம். இதைவிட முக்கியமானது, எதிராளி நம்மை யார் என்று நினைத்திருக்கிறான் என்பது. இங்கே தமிழன் என்றால் வாய் பேசாத பூச்சி என்று நினைப்பார்கள். அதனால் நான் வைத்தால் பயந்து ஓடினார்கள். நம்மூரில் மலாயாக்காரன் என்றால் தலைகால் தெரியாமல் ஆடுகிறவன், வாங்கின சில்க் சட்டையைக் காட்ட வந்தவன். அங்கே நான் சும்மா இருந்தால்தான் ஏமாறுவார்கள். இதையெல்லாம் மனதில் பாடம் பண்ணிக்கொண்டு, நீண்ட லீவு கிடைத்ததும், பாஸ்குவுக்கு ஊர் போய்ச் சேரும்படி கப்பலேறினேன்.

ராஜபாளையம் ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டி பிடித்தேன். வண்டிக்காரர் ஏறின நிமிஷத்திலிருந்து கேள்வியாகக் கேட்டார். எந்த ஊர், யார் மகன், சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆச்சா. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொன்னேன். "என்னய்யா, ஒடம்பு சொகமில்லையா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா வீட்டில் இல்லை. சித்தப்பா தோட்டத்தில் மிளகாய்க்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். முக்காட்டுத் துணியை விலக்கி என்னைப் பார்த்துவிட்டு, "ஏலே மிக்கேலு" என்று சொல்லி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். கிணற்றில் சித்தப்பாவின் மாடு கமலை இழுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. எங்கள் வடம்.

சித்தப்பா தலை நரைத்திருந்தார். வாயெல்லாம் பல்லாக வந்து கட்டிக்கொண்டார். தான் ஒரு தப்பும் செய்யாதவர் போல எப்படித்தான் ஒருவரால் சிரிக்க முடிகிறதோ. பாஸ்கு முடிந்த மறுநாள் கிட்டங்கியில் ஆட்டம் உண்டா என்று கேட்டேன். "இல்லாம இருக்குமா? நீயும் வா" என்றார். நானும் என்ன வைத்து ஆடுவேன் என்று சொன்னேன். தண்ணீர் இல்லாமல் கட்டாந்தரையாகக் கிடக்கும் எங்கள் தோட்டம் என் பங்கு. அவரிடம் போன மூன்று நாள் தண்ணீர் அவர் பங்கு, அவர் குவியல் ஒரு தடவை தீர்ந்தால் ஒரு நாள். அந்த நிலத்தின் மேல் அவருக்கு எத்தனை வருஷத்து ஆசை என்று எனக்குத் தெரியும். ஒரு கணம் என் சில்க் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "சரிலே, ஒன் பிரியம்" என்றார்.

அம்மாவுக்குத் தெரிந்ததும் வீட்டில் ஒரே ரகளை. "ஒங்கப்பன் போன வழி பத்தாதாலே ஒனக்கு? கெடக்கிற மண்ணையும் தோத்துட்டு வந்து நிக்கப் போறியா?" என்று சோற்றுச் சட்டியைத் தள்ளி வைத்தாள்.

"தோக்க மாட்டேன்."

"தோக்கலேன்னு வையி. தண்ணிய வாங்கி என்ன பண்ணப் போற? மாடு இருக்கா? ஆள் இருக்கா? நீ பாட்டுக்குக் கப்பலேறிருவ. எனக்குத் தெம்பு இருக்கா கமலை ஓட்ட?" என்றாள். அவள் கேட்டதற்குப் பதில் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அவர் முகம் வேண்டும். தண்ணீர் பிறகு.

கிட்டங்கியில் அந்த வருஷமும் அதே பழைய சாக்கு விரிப்பு. கிட்டங்கி ராஜு நடுவில் உட்கார்ந்து சீட்டைக் கலைத்தார். ஆளுக்கு ஐம்பது கொட்டை எண்ணி வைத்தார்கள். ஒவ்வொரு கைக்கும் முதலில் ஆளுக்கு ஒரு கொட்டை நடுவில் போட வேண்டும். முதல் இரண்டு பேச்சுக்கு ஒரு கொட்டை, கடைசி இரண்டு பேச்சுக்கு இரண்டு கொட்டை, ஒரு தடவைக்கு அதற்கு மேல் யாரும் வைக்கக் கூடாது. எதிரில் சித்தப்பா. சீட்டு விழுந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டேன். "சித்தப்பா சொல்லட்டும்" என்றேன்.

ராஜு மகிழ்ந்துபோனார். "பாகுந்திரா, நல்லாருக்குடா. கடல் தாண்டிப் போயும் மரியாத மறக்கல" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். சித்தப்பா முகத்தில் மட்டும் ஏதோ ஒன்று வந்து போனது. அவர் என்ன செய்ய முடியும்? அண்ணன் மகன் முன்னால், ஊருக்கெல்லாம் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் சும்மா என்று சொல்வாரா? வைத்தார். என் கை குப்பை. "உங்க கைக்கு முன்னால நான் எம்மாத்திரம்" என்று கீழே போட்டேன். ஒரு கொட்டை அவருக்குப் போனது. அவர் அதைச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார். இப்படியே நடந்தது. அவர் வைப்பார், நான் கீழே போடுவேன். அவர் வைப்பார், நான் ஏற்றுவேன். அவர் ஜெயித்ததெல்லாம் ஒன்றும் இரண்டும். நான் ஜெயித்ததெல்லாம் ஆறும் எட்டும்.

புதன் தண்ணீர் வந்தது. பகல் சாய்வதற்குள் செவ்வாய்த் தண்ணீரும் வந்தது. அப்போதுதான் சித்தப்பாவுக்கு முழுதாகப் புரிந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஆட்டத்துக்கு நீ முதல்ல சொல்லுலே" என்றார்.

"நீங்க இருக்கையில நான் முந்திப் பேசலாமா, சித்தப்பா?"

எங்கள் இருவரையும் தவிர அங்கே இருந்த ஒருவருக்கும் அதன் அர்த்தம் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அத்தனை வருஷம் புண்ணுக்குக் கட்டுப் போட்டேன்.

திங்கள் தண்ணீருக்கு ஆடியபோது அவர் குவியல் வற்றிக்கொண்டே வந்தது. கடைசிக் கை. அவர் பக்கம் மல்லாந்து கிடந்தவை இரண்டு ராசா, ஓர் ஒன்பது, ஓர் இரண்டு. என் பக்கம் இரண்டு ஏழு, ஒரு நாலு, ஒரு பத்து. பார்க்கிறவர்களுக்கு அவர் கைதான் பெரிய கை. கவிழ்த்துப் போட்ட என் சீட்டு இன்னொரு ஏழு. மூன்று ஏழுக்கு முன் இரண்டு ராசாவும் நிற்காது, இரண்டு ஜோடியும் நிற்காது. அவரிடம் மிச்சம் இருந்தவை இரண்டே கொட்டை. சரியாக ஒரு பேச்சுக்குத்தான் காணும். எல்லோரும் அவர் வைப்பார் என்று காத்திருந்தார்கள். அவர் சாக்கு விரிப்பைப் பார்த்தபடி, வாய்க்குள்ளேயே, "சும்மா" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அந்தக் கிட்டங்கியில் யாரும் கேட்டதில்லை. ராஜு காது கேட்காதவர் போல, "ஏமி?" என்றார். சித்தப்பா திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. "சும்மா இருக்கேன்னு சொன்னேன்யா."

இப்போது என் முறை. நானும் சும்மா என்று சொல்லியிருக்கலாம். சீட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, நடுவில் கிடந்ததை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கலாம். அவர் கையில் அந்த இரண்டு கொட்டை மிஞ்சியிருக்கும், ஆட்டம் இன்னும் செத்த நேரம் ஓடியிருக்கும், திங்கள் தண்ணீர் அவரிடமே தங்கியிருந்தாலும் தங்கியிருக்கும். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கிணற்று மேட்டில் அப்பா உட்கார்ந்து பார்த்த பார்வை அது, அச்சு அசல். ஆட்டத்துச் சட்டப்படி அந்த இடத்தில் வைப்பதுதான் சரி. மூன்று ஏழை வைத்துக்கொண்டு தட்டிவிட்டு இருப்பவனை ஆ செங் முட்டாள் என்பார். ஆனால் சரி என்பதற்காக நான் வைக்கவில்லை. இரண்டு கொட்டையை எடுத்து ஒவ்வொன்றாக, அவருக்குச் சத்தம் கேட்கும்படி வைத்தேன்.

சீட்டைக் கீழே போட்டிருந்தால் அவருக்கு அந்த இரண்டு கொட்டையாவது மிஞ்சியிருக்கும். இரண்டு ராசாவை மல்லாத்தி வைத்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க அவரால் கீழே போட முடியவில்லை. வைத்தார். கவிழ்ந்திருந்த அவர் சீட்டு இன்னொரு ஒன்பது. நான் ஏழைத் திருப்பினேன்.

மறுநாள் கிணற்று மேட்டில் நாலு பேர் பார்க்க வடத்தைச் சுருட்டி என் தோளில் போட்டார். எல்லோரும் போன பிறகும் நின்றுகொண்டிருந்தார். "மிக்கேலு, மொளகா பூ எடுத்திருக்கு. இந்த ஒரு பறிப்பு மட்டும் எடுத்துக்கிடுதேன், பொறவு நீ என்ன சொன்னாலும் சரி" என்றார்.

"ஆட்டம்னா ஆட்டம், சித்தப்பா" என்றேன்.

அவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கிணறு ஓர் இரவு ஊறினால் நிறைந்துவிடும், அதற்கு மேல் ஊறாது. மூன்று நாள் இறைக்காமல் விட்டால் அவ்வளவும் நின்ற தண்ணீர்தான். ஆறு நாள் தண்ணீரை நம்பி முன்னைவிட இரண்டு மடங்கு மிளகாய் போட்டிருந்தார் சித்தப்பா. ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்தால் நான்கு நாள் மிளகாய்ச் செடி சித்திரை வெயிலில் காய வேண்டும். இரண்டு வாரம் அப்படிப் போனால் பூவெல்லாம் கொட்டிவிடும். அந்த நாட்களைக் குத்தகைக்கு விடச் சொல்லி கிட்டங்கி ராஜுவே வந்து கேட்டார். மாட்டேன் என்றேன். லீவு முடிந்தது. பெட்டியில் சட்டைகளை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் வடத்தை வைத்துப் பூட்டினேன். நாகப்பட்டினத்துச் சுங்க அதிகாரி திறந்து பார்த்து, "மலாயாவுல கயிறு கெடைக்காதா?" என்று கேட்டார். கிடைக்கும் என்றேன்.

இப்போது அந்த வடம் என் குவார்ட்டர்ஸில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இங்கே கிணறே கிடையாது, குழாயைத் திறந்தால் வேண்டிய மட்டும் தண்ணீர். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் மாடு வாங்கப் போகிறேனா என்று விசாரித்தார். இல்லை, இது ஒரு கிணற்றுடையது என்றேன். எந்தக் கிணறு என்று கேட்டார். "ஜாவோ" என்றேன். தூரம் என்று அர்த்தம். அவர் பணிவாகத் தலையாட்டிவிட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

போன மாதம் அம்மா யாரிடமோ சொல்லி எழுதிய கடுதாசி வந்தது. சித்தப்பா தோட்டத்தில் மிளகாய் பூராவும் போய்விட்டதாம். மிளகாய் இல்லாததால் பறிப்புக் கூலியும் இல்லையாம், ராஜபாளையத்துப் பக்கம் வேலைக்கு நடக்கிறாளாம். நான் அனுப்புகிற பணத்தை முடிந்து வைத்திருக்கிறாளாம், அதைத் தொட மனமில்லையாம். "ஒங்க சித்தப்பா தெனமும் கெணத்து மேட்டுல போய் ஒக்காந்திருக்காவ. நெறஞ்ச கெணத்தப் பாத்துக்கிட்டே இருக்காவ. எனக்குப் பாக்கச் சகிக்கல. ஒண்ணு வடத்த அனுப்பு, இல்லன்னா நீ வா" என்று எழுதச் சொல்லியிருக்கிறாள். கடுதாசியை இரண்டு தடவை படித்தேன். சித்தப்பா கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்ற வரியை மட்டும் பிறகும் பல தடவை படித்தேன்.

அம்மாவுக்கு மணியார்டரைக் கூட்டி அனுப்பினேன். வடத்தை அனுப்பவில்லை, நானும் போகவில்லை. இந்த ஊர் ஈரத்தில் நார் பூசணம் பிடிக்கிறது. அதனால் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அதை வெளியே எடுத்து, வராந்தாக் கம்பியில் நீளமாக விரித்துக் காயப் போடுகிறேன். மத்தியானம் மழை இறங்குவதற்குள் ஓடிவந்து சுருட்டி உள்ளே வைத்துவிடுகிறேன்.